கடல் கடந்த கறி

ஜாசின் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய காலத்தில், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒருநாள் ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டிலும் கடையிலும் நாள்தோறும் வழங்கும் பிறமொழிச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எம்மொழியிலிருந்து வந்தது என்று எழுதிவர வேண்டும். மாணவர் பலரும் செவ்வனே எழுதியிருந்தனர். சன்னலும் சாவியும் போர்த்துக்கீசியம் என்றும், பசார் மலாய் என்றும், பஸ் ஆங்கிலம் என்றும் குறித்திருந்தனர். ஒரு மாணவனின் பட்டியலில் இறுதி வரி மட்டும் என்னைத் திகைக்க வைத்தது. "கறி – ஆங்கிலம்" என்று அவன் எழுதியிருந்தான்.

அவனை அழைத்துக் கேட்டேன். "மசாலைப் பொட்டலத்தில் ஆங்கிலத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறார்கள், ஐயா?" என்றான். அவனுடைய தூக்குச்சட்டியில் அன்று சோறும் மீன்கறியும் இருந்தன. அவன் தாய் பால்மரம் வெட்டப் புறப்படுமுன் விடியலில் ஆக்கி வைத்தவை அவை. தாய் கையால் நாள்தோறும் உண்ணும் பொருளின் பெயரை அயலார் உடைமை என்று அப்பிள்ளை நம்பியிருந்தான்.

சில கிழமைகள் கழித்து நகரில் நடைபெற்ற ஒரு தமிழ் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். ஆங்கிலத்தில் ஒருவரைப் புகழ்ந்தும் பணிந்தும் ஆதரவு தேடுவதைக் 'கர்ரி ஃபேவர்' என்பர். அங்குப் பேசிய ஒருவர், தமிழர் கறிவிருந்து படைத்துப் பிறர் நட்பைப் பெற்ற வழக்கமே அத்தொடரில் உறைந்து கிடக்கிறது என்று முழங்கினார். அவையோர் கைதட்டினர், நானும் தட்டினேன். மறுநாள் வகுப்பில் அதனையே மாணவர்க்கும் எடுத்துரைத்தேன். அன்று மாலை அகராதியைப் புரட்டியபோதுதான், நான் பிள்ளைகளுக்குச் சொன்னது முழுப்பிழை என்பது விளங்கிற்று.

இவ்விரு பிழைகளும் ஒரே சொல்லைப் பற்றியவை. ஒன்றில் நமக்கு உரியதை இழந்தோம். மற்றொன்றில் நமக்கு உரியதல்லாததை உரிமை கொண்டாடினோம். இரண்டுக்கும் காரணம் சொல்லின் வரலாற்றை நாம் அறியாமையே. ஆதலின், கறி என்னும் சொல் தமிழில் பெற்ற பொருள்களையும், அது கடல் கடந்து சென்ற வழியையும், ஆங்கிலத்தில் அது வழங்கும் முறையையும் ஒழுங்காக ஆராய்வோம்.

தமிழில் கறி

கறித்தல் என்னும் வினைக்குக் கடித்து மெல்லுதல் என்பது பொருள். கறி என்னும் பெயரோ சங்க நூல்களில் பெரும்பாலும் மிளகையே குறிக்கிறது. யவனருடைய மரக்கலங்கள் சேரநாட்டு முசிறித் துறைக்குப் பொன்னைச் சுமந்து வந்து, திரும்புகையில் மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்று 149ஆம் பாட்டு கூறுகிறது. மிளகைச் சுட்ட அங்கு ஆளப்பட்ட சொல் கறி என்பதே. காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தரைவழியாக வந்திறங்கிய மிளகு மூட்டைகளைக் குறிக்கும் பட்டினப்பாலையும் அச்சொல்லையே ஆள்கிறது. அதே பகுதியில் காழகத்திலிருந்து வந்த பொருள்களும் பேசப்படுகின்றன. காழகம் என்பது கடாரம் என்பார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கறியைச் சொன்ன பழம்பாடல், நாம் வாழும் இந்நிலப்பகுதியின் வணிகத்தையும் உடன் சொல்வது எண்ணி மகிழத்தக்கது.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் உணவுக் குறிப்பு வருகிறது. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, பசுவெண்ணெயில் வேகவைத்து, கறியும் கறிவேப்பிலையும் சேர்த்துச் சமைத்தனர் என்பது அதன் பொருள். ஈண்டுக் கறி என்பது மிளகுப்பொடி. உணவுக்கு உறைப்பூட்டிய மிளகின் பெயரே பின்னர் அம்மிளகு சேர்ந்த உணவின் பெயராய் விரிந்தது என்பது ஒரு கருத்து. கறித்து உண்ணப்படுவது கறி என வினையிலிருந்து நேரே பொருள் கொள்வது மற்றொரு கருத்து. எவ்வாறாயினும், சோழர் காலக் கல்வெட்டுகளில் இப்பொருள் மாற்றம் நிறைவு பெற்றிருக்கக் காண்கிறோம். கோயில் படையலுக்கு வேண்டுவனவற்றை வரிசைப்படுத்தும் அக்கல்வெட்டுகள் நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்பவற்றோடு கறியமுது என்பதையும் கூறும். மிளகைத் தனியே மிளகு என்றே குறிக்கும். அங்குக் கறி என்பது சோற்றோடு சேர்த்துண்ணும் காய்கறி உணவு.

12ஆம் நூற்றாண்டினதாகிய பெரியபுராணத்தில் இச்சொல்லின் இரு முகங்களையும் காணலாம். இளையான்குடி மாற நாயனாரின் மனைவியார், கணவர் பறித்துவந்த கீரையைக் கொண்டு கறியமுது ஆக்குகிறார். சிறுத்தொண்டர் வரலாற்றிலோ கறி என்பது ஊன். இன்றும் இவ்விரு பொருளும் வாழ்கின்றன. காய்கறி என்னும்போது மரஞ்செடிகளின் விளைவையும், கறிக்கடை என்னும்போது இறைச்சியையும் எண்ணுகிறோம். யாழ்ப்பாணத்தார் காய்கறியை மரக்கறி என்பர். நம் நாட்டிலோ சோற்றில் ஊற்றி உண்ணும் மசாலைக் குழம்பே மீன்கறி, கோழிக்கறி என வழங்குகிறது. ஆக, மிளகு, காய், ஊன், குழம்பு என நான்கு பொருள்களை இச்சொல் தாங்கி நிற்கிறது. நான்கிலும் ஊடுருவி நிற்கும் கருத்து ஒன்றே: சோறு தனித்து நில்லாது; அதற்குச் சுவையூட்டும் துணை வேண்டும்; அத்துணையே கறி.

போர்த்துக்கீசியர் நாவில்

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார். 1510இல் கோவாவும், 1511இல் மலாக்காவும் போர்த்துக்கீசியர் வசமாயின. தென்னிந்தியக் கடற்கரையில் பரவிய அவர்கள் நம் மொழியையும் கற்றனர். அவர்களுள் ஒருவராகிய அன்றிக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். மொழியைக் கற்றவர்கள் உணவையும் சுவைத்தனர். உணவோடு அதன் பெயரையும் தம் மொழிக்குக் கொண்டு சென்றனர்.

1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துப்பொருள் நூலில், கோழியும் இறைச்சியும் கொண்டு ஆக்கும் ஓர் உணவு 'கரில்' என்னும் பெயரோடு குறிக்கப்படுகிறது. இவ்வடிவத்தின் இறுதி லகர ஒலிக்குக் கன்னட வழக்கைக் காரணமாகக் காட்டுவாரும் உளர். கன்னடமும் மலையாளமும் தமிழோடு ஒரு குடும்பத்து மொழிகளாதலின், அவற்றிலும் இச்சொல்லின் உறவுகள் உண்டு.

போர்த்துக்கீசியர் இச்சொல்லை முதன்முதல் மலாக்காத் துறைமுகத்தில்தான் கேட்டனர் என்று எழுத எனக்கும் ஆசை உண்டு. இம்மாநிலத்தில் பிறந்த எவர்க்கும் அவ்வாசை எழும். ஆனால் ஆசை சான்றாகாது. ஏட்டுச் சான்று கோவாவைக் காட்டுகிறது. அதனை அவ்வாறே ஏற்பதுதான் முறை.

கோவாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஒல்லாந்தர் லின்சோட்டன் எழுதிய நூல் 1598இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. மீனை வேகவைத்த சாற்றைச் சோற்றின்மேல் ஊற்றி உண்பர். சற்றே புளிப்பாயினும் சுவையானது. அதன் பெயர் 'கரியேல்' என்று அவர் எழுதுகிறார். புளி கரைத்த மீன்குழம்பை அறிந்த நமக்கு அவர் எதைச் சுவைத்தார் என்று விளக்க வேண்டுவதில்லை. இலங்கையின் கண்டி அரசில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நாக்சு, 1681இல் வெளியிட்ட நூலில், காய்களை வேகவைத்துச் சோற்றுக்குத் துணையாக உண்பதைக் கூறி, அதன் பெயரைச் சொல்லும்போது அதனைப் போர்த்துக்கீசியச் சொல் என்றே குறித்துவிட்டார். யார் வாயிலாக ஒரு சொல் நம்மை அடைகிறதோ அவர்க்கே அது உரியது என்று எண்ணிவிடுவது மனித இயல்பு. 300 ஆண்டுகளுக்கு முன் நாக்சு செய்த அதே பிழையைத்தான் என் மாணவனும் செய்தான். அவர் கேட்ட வாய் போர்த்துக்கீசியருடையது. இவன் கண்ட பொட்டலம் ஆங்கிலத்தில் அச்சிட்டது.

ஆங்கிலத்தில் கறி

ஆங்கிலேயர் சமையல் நூல்களில் புகழ்பெற்றது அன்னா கிளாசு என்னும் அம்மையார் 1747இல் வெளியிட்ட நூல். அதில் இந்திய முறையில் கறி ஆக்கும் வகை கூறப்படுகிறது. கோழியோ முயலோ கொண்டு ஆக்கும் அக்கறியில் மிளகாய் இல்லை. மஞ்சளும் இஞ்சியும் பிற்பதிப்புகளில்தான் சேர்ந்தன. முதற்பதிப்பில் காணும் மசாலை வறுத்த கொத்தமல்லி விதையும் 30 மிளகும் மட்டுமே. கறி என்றால் மிளகு என்று பொருள்பட்ட சங்ககாலச் செய்தியை அறியாத ஓர் ஆங்கில அம்மையார், மிளகைக் கொண்டே தம் முதற்கறியை ஆக்கினார் என்பது வியப்பூட்டும் பொருத்தம்.

1810இல் சேக் தீன் முகமது என்னும் இந்தியர் இலண்டனில் உணவகம் ஒன்றைத் திறந்து, இந்திய முறையில் ஆக்கிய உணவுகளை விற்றார். ஆங்கிலத்தில் இச்சொல் பெற்ற பொருளோ தமிழில் உள்ள பொருளிலிருந்து சிறிது மாறுபட்டது. குழம்பு, கூட்டு, வறுவல், குருமா என்று நாம் பிரித்துப் பேசும் எல்லாவற்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லுள் அடக்கியது. நாம் வீட்டுக்கு வீடு வேறுபட அம்மியில் அரைத்த மசாலையை, ஒரே அளவில் கலந்த கறித்தூளாக அடைத்து விற்கும் வழக்கும் அங்கு வேரூன்றியது. ஆங்கிலேயர் வாயிலாகவே இச்சொல் சப்பானையும் அடைந்தது. 1872இல் அங்கு வெளியான மேலைச் சமையல் நூல்களில் கறியின் செய்முறை இடம்பெற்றுள்ளது.

இச்சொல்லின் தமிழ்ப் பிறப்பை ஆங்கில அறிஞர்களே ஒப்புக்கொண்டுள்ளனர். என்றி யூல், ஏ. சி. பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன் ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம் இதனைத் தமிழ்க் கறியினின்று வந்ததாகக் கூறுகிறது. பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனைச் சுவடிகளை வகைப்படுத்தியவர். அந்நூல் வெளிவருமுன்னரே 1882இல் மறைந்தார். ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியும் தமிழையே மூலமாகக் காட்டுகிறது. மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' என்றும், கஞ்சி 'காஞ்சி' என்றும், சுருட்டு 'செரூட்' என்றும், கட்டுமரம் 'கட்டமரான்' என்றும் ஆங்கிலம் புகுந்தமையும் அவ்வகராதிகளில் காணலாம். ஆகவே, மிகைப்படக் கூறித்தான் தமிழின் பெருமையைக் காட்ட வேண்டும் என்னும் நிலை நமக்கு இல்லை. உள்ளதே போதும்.

ஒலி ஒப்புமை உறவாகாது

இனி, அவையோர் கைதட்டிய அத்தொடருக்கு வருவோம். 'கர்ரி ஃபேவர்' என்பதிலுள்ள முதற்சொல், பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். ஒழுங்குபடுத்துதல், பண்படுத்துதல் என்பன அதன் பொருள். குதிரையின் மேனியைச் சீப்பால் வாரித் தேய்ப்பதையும், தோலைப் பதப்படுத்துவதையும் அச்சொல் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியில் இயற்றப்பட்ட ஓர் அங்கதக் கதைப்பாடலில் ஃபோவெல் என்னும் பழுப்புக் குதிரை தலைமை மாந்தனாக வருகிறது. அது வஞ்சகத்தின் உருவகம். பெருமக்களும் சமயத் தலைவர்களும் அதன் அருளை வேண்டி வந்து, அதன் மேனியைத் தேய்த்து விடுகின்றனர். இதிலிருந்து 'ஃபேவெலைத் தேய்த்தல்' என்னும் தொடர் 1400ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தில் வழங்கிற்று. பின்னர்க் குதிரையின் பெயரை மறந்த மக்கள், ஃபேவெல் என்பதை ஆதரவு எனப் பொருள்படும் ஃபேவர் என்று 16ஆம் நூற்றாண்டில் மாற்றிக்கொண்டனர்.

காலத்தை ஒப்பிட்டாலே உண்மை புலனாகும். ஆங்கிலேயர் குதிரை தேய்த்துப் பேசத் தொடங்கியபோது போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கே வந்திலர். அத்தொடரில் குதிரைலாயத்தின் நாற்றம் உண்டே அன்றிக் கறியின் மணம் இல்லை.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் அரண்மனைச் சமையலாளர் 1390ஐ ஒட்டித் தொகுத்த நூல் ஒன்று 'ஃபோர்ம் ஆஃப் கியூரி' என வழங்குகிறது. அதைக் காட்டி, கறி ஆங்கில நிலத்திலேயே பிறந்த சொல் என்று சிலர் வாதிட்டனர். ஆனால் அங்குள்ள 'கியூரி' சமைத்தல் என்னும் பிரெஞ்சு வினையினின்று வந்தது. சமையற்கலை என்பது மட்டுமே அதன் பொருள். ஒலி ஒப்புமையை மட்டும் நம்பி அவர்கள் நம் சொல்லைத் தமதென்றது பிழையானால், அதே ஒலி ஒப்புமையை நம்பி அவர்கள் தொடரை நாம் நமதென்பதும் பிழையே. அளவுகோல் இருவர்க்கும் ஒன்றாதல் வேண்டும்.

உண்மையில் நம் கறியோடு உறவுடைய ஆங்கில வழக்கு வேறொன்று. ஆஸ்திரேலியர் ஒருவரைக் கடுமையாகத் தாக்கியோ கண்டித்தோ பேசுவதை 'அவனுக்குக் கறி கொடு' என்பர். உறைப்பு என்னும் கருத்திலிருந்து அவ்வழக்குப் பிறந்தது. தமிழிலோ கறியைச் சுற்றிய வழக்குகள் வாழ்க்கையிலிருந்து எழுந்தவை. பயன் கொண்டபின் ஒதுக்கப்பட்டவர், 'என்னைக் கறிவேப்பிலையாக்கிவிட்டார்கள்' என்று வருந்துகிறார். செயலுக்கு வாராத கல்வியை 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்கிறோம்.

மலாக்காவின் அடுப்புகள்

இச்சொல்லின் பயணத்தை நூலில் மட்டுமன்றி மலாக்காவின் வீடுகளிலும் காணலாம். 1512 முதல் 1515 வரை இத்துறைமுகத்தில் இருந்து எழுதிய தொமே பிரேசு, இங்கு 84 மொழிகள் பேசப்பட்டன என்கிறார். சுல்தான்கள் காலத்தில் துறைமுகத் தலைவர் நால்வருள் ஒருவர், சோழமண்டலக் கரை வணிகர் முதலானோர்க்குப் பொறுப்பாக இருந்தார். போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபின் நினா சத்து என அவர்கள் எழுதிய தமிழ் வணிகர், முஸ்லிம் அல்லாதார்க்குப் பெண்டஹாரா ஆக அமர்த்தப்பட்டார்.

இவ்வணிக உறவின் தடம் மலாய் மொழியில் பதிந்துள்ளது. கப்பல் 'கபால்' ஆயிற்று. கடை 'கெடாய்' ஆயிற்று. முதல் 'மோடால்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. அப்பம் 'ஆப்பம்' ஆயிற்று. கறி 'காரி' ஆயிற்று. மலாய்க்காரர் ஆங்கிலேயரிடமிருந்து கடன் வாங்கிய சொல் அன்று இது. தமிழரிடமிருந்து நேரே பெற்றது.

ஊஜோங் பாசிரில் போர்த்துக்கீசிய வழிவந்தோர் கிறித்துமசுத் திருநாளில் 'காரி டெபல்' ஆக்குகின்றனர். காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் மலாயே பேசுகின்றனர். எனினும் பொங்கலுக்கு முன்னாளில் முன்னோர்க்குப் படைக்கும் படையலை இன்றும் போகி என்றே அழைக்கின்றனர். அவர்கள் முன்னோர் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் நகரின் நடுவில் நிற்கிறது. ஒரு மக்கள் தம் மொழியையே இழந்த பின்னும், வழிபாட்டுக்கும் அடுப்புக்கும் அருகிலிருக்கும் சொற்கள் எளிதில் அகல்வதில்லை.

தோட்டத் தமிழர் வரலாறு இவற்றுக்குப் பிந்தியது. டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும் பின்னர் ஆசகானிலும் இரப்பர் பயிரிட்டார். இரப்பர் பரவியதைத் தொடர்ந்து தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் சுமந்துவந்த கறியே லயத்து அடுப்புகளில் கொதித்தது. பின்னாளில் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. குடும்பங்கள் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்தன. அம்மி போய்ப் பொட்டலம் வந்தது. அப்பொட்டலத்தின் எழுத்தைத்தான் என் மாணவன் நம்பினான். அவன்மீது குற்றமில்லை, அவனுக்குச் சொல்லாதிருந்த நம்மீதே குற்றம்.

வகுப்பறையில்

பிழையை அறிந்த மறுநாள் வகுப்பில், "முந்தைய நாள் நான் சொன்னது தவறு, அத்தொடர் குதிரையைப் பற்றியது" என்று கூறினேன். மாணவர் சிரித்தனர். பின்னர்க் கறியின் வரலாற்றை எளிமையாகச் சொன்னேன். பட்டியலில் பிழை செய்த அதே மாணவன் எழுந்து, "அப்படியானால் கறிபாப் எந்த மொழி, ஐயா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நம் கறியோடு ஆங்கிலேயர் தம் 'பஃப்' என்னும் சொல்லைச் சேர்த்தனர்; அக்கூட்டுச்சொல்லை மலாய் மொழி 'காரிபாப்' என ஏற்றது. ஆக, ஒரே சொல் மலாய் வீட்டுக்குள் இரு வாயில்கள் வழியாக நுழைந்துள்ளது: தமிழர் வாயிலாகக் 'காரி', ஆங்கிலேயர் வாயிலாகக் 'காரிபாப்'. இதனைக் கேட்ட மாணவன் தன் பட்டியலைத் திருத்தினான். "கறி – தமிழ். கறிபாப் – தமிழும் ஆங்கிலமும், மலாய் வழியாக" என்று எழுதினான். என் பணிக்காலத்தில் நான் மதிப்பெண் வழங்கிய விடைகளுள் இன்றும் நினைவில் நிற்பது அது.

ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாகவே கொள்ளலாம். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அது எப்பொருளில் வழங்கிற்று? எக்காலத்து ஏட்டில் முதலில் காணப்படுகிறது? எவர் வழியாக வந்தது? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் அச்சொல்லுக்கு உரிமை கொள்ளலாம்; இல்லையேல் ஒலியை மட்டும் கேட்டு மகிழ்ந்து வாளாவிருத்தல் நன்று. மாணவர்க்கு நூலகம் தொலைவாயினும் அடுப்படி அருகில் உள்ளது. தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதிவரும் பத்துச் சொற்கள், மனப்பாடம் செய்யும் நூறு சொற்களினும் பயன் தரும். அவ்வாறு கற்கும் மொழிப்பாடம் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடாது, கறிக்கும் உதவும்.